அடுத்த நாவலைத் தேடிய வாசகியர்

காதல் நாவல் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே முகம் சுளிக்கும் பெரியோர் இன்றும் உளர். தலைமையாசிரியனாக இருந்த ஒருவன் மாணவர்க்கு உரைக்கத்தக்க பொருள்தானா இது என்று அவர்கள் வினவக்கூடும். தக்க பொருளே என்பது என் துணிபு. ஒரு நாவலைப் படித்து முடித்தவர் அடுத்ததை எவ்வாறு தேடினார்? அதனை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவர் யாவர்? இவ்வினாக்களோடு இங்கிலாந்தின் நாவல் வரலாற்றை அணுகினால், கதைகள் ஏன் அவ்வாறு எழுதப்பட்டன என்பதும் ஓரளவு விளங்கும்.

ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் முதல் நாவலான 'சென்ஸ் அண்டு சென்சிபிலிட்டி' 1811-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. விலை 15 ஷில்லிங். எளிய குடும்பத்தார் கருதிப் பார்க்கவும் இயலாத தொகை அது. ஆகவே பெரும்பாலோர் சந்தா செலுத்தி நூல்களை இரவல் பெறும் நூல்நிலையங்களையே நாடினர். இலண்டனில் வில்லியம் லேன் என்பவர் மினர்வா அச்சகத்தை நடத்தி, காதலும் திகிலும் கலந்த நாவல்களை ஏராளமாக வெளியிட்டார். வெளியூர்களில் நூல்நிலையம் தொடங்க விரும்பியோர்க்கு வேண்டிய நூல்களையும் மொத்தமாக அனுப்பிவைத்தார்.

ஆசிரியர் பெயரைக் கொண்டு அடுத்த நூலைத் தேடலாகாதோ எனின், அதற்கும் வழியில்லை. ஆஸ்டினின் முதல் நாவலில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டுமே அச்சிட்டிருந்தனர். 1813-இல் வந்த 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' நூலில், முன்னைய நாவலின் ஆசிரியர் எழுதியது என்ற குறிப்பு இருந்தது. பெயர் மறைந்திருந்தாலும், முதல் நூலை விரும்பியவர்க்கு இரண்டாவதைக் காட்ட அவ்வொரு வரி போதுமானதாயிற்று.

அக்காலத்து வாசகியர் நூலைத் தேடிய விதத்தை ஆஸ்டினே நகைச்சுவையோடு காட்டியிருக்கிறார். அவர் மறைந்த பின் 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி'யில், பாத் நகருக்கு வந்த காதரின் என்னும் இளம்பெண்ணுக்கு, அவளுடைய தோழி இசபெல்லா அடுத்துப் படிக்கவேண்டிய நூல்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறாள். ஏழு நாவல்களின் பெயர்கள் அதில் வருகின்றன. இசபெல்லாவோ அவற்றைப் படித்தவள் அல்லள். எல்லாவற்றையும் படித்தவள் அவளுக்குத் தெரிந்த வேறொரு பெண்! இத்தகைய பரிந்துரையை என் பள்ளித் தாழ்வாரங்களிலும் பன்முறை கேட்டிருக்கிறேன். அவ்வேழு பெயர்களும் ஆஸ்டினின் கற்பனையே என்று பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவை யாவும் உண்மையான நூல்களே என்பதை மைக்கேல் சாட்லீர் என்னும் அறிஞர் 1927-இல் விளக்கினார். ஏழனுள் ஆறு, மினர்வா அச்சகத்தின் வெளியீடுகள்.

அடுத்த தலைமுறையில் அதிகாரம் ஒருவர் கையில் குவிந்தது. அவர் சார்லஸ் எட்வர்டு மியூடி. 1842-இல் இலண்டனில் இரவல் கொடுக்கத் தொடங்கிய அவருடைய நூல்நிலையத்தில் ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அச்சந்தாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு தொகுதி மட்டுமே கிடைக்கும். மூன்று தொகுதி நாவல் ஒன்றை விலைக்கு வாங்கவோ முப்பத்தொன்றரை ஷில்லிங் வேண்டும். ஒரு நாவலை ஒரே சமயத்தில் மூவர்க்கு இரவல் தரலாம் என்பதால், மூன்று தொகுதி முறை மியூடிக்கு மிக உகந்ததாயிற்று. அதன் விளைவைக் காதலர்கள் அன்றோ அனுபவித்தனர்! மூன்றாம் தொகுதி வரையில் அவர்கள் ஒன்றுசேரலாகாது. கடிதம் தவறவேண்டும், உறவினர் தடுக்கவேண்டும், ஐயம் புகவேண்டும். 1847-இல் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலின் இரண்டாம் தொகுதி, திருமணம் தேவாலயத்திலேயே தடைப்பட்ட துயரத்தோடு முடிகிறது. கையிலிருந்த தொகுதியைத் திருப்பிக் கொடுத்து, அடுத்ததைப் பெறும்வரை வாசகியின் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்! சார்லட் பிராண்டியின் கலைத்திறனை நான் குறைத்துரைக்கவில்லை. வணிகமுறை வகுத்த இடைவெளியை அவர் எவ்வளவு நன்றாகப் பயன்படுத்தினார் என்றே வியக்கிறேன்.

இளம்பெண்கள் படிக்கத் தகாதன என்று தாம் கருதிய நூல்களை மியூடி விலக்கினார். ஜார்ஜ் மூர் எழுதிய நாவல் ஒன்றை 1883-இல் அவருடைய நூல்நிலையம் பரவலாக வழங்க மறுத்தது. நாட்டுப்புறத்துச் சீமாட்டியர் இருவர் ஆட்சேபித்து எழுதியதே காரணம் என்று மூர் கூறுகிறார். இருவருடைய கடிதம் எத்தனையோ பேருடைய படிப்பைத் தடுத்துவிட்டது! மூர் அடங்கவில்லை. 1885-இல் தம் அடுத்த நாவலை ஒரே தொகுதியாக 6 ஷில்லிங்கிற்கு வெளியிட்டு, மியூடியைத் தாக்கித் துண்டுநூல் ஒன்றும் எழுதினார். அவருடைய சினத்தில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். மாணவர்க்கு நூல் தேர்ந்தளிப்பது ஆசிரியன் கடமை. வளர்ந்த மகளிர்க்கெல்லாம் ஒரு வணிகர் ஆசிரியராக அமர்ந்தது எவ்வாறு பொருந்தும்? எனினும் அம்முறையை முடித்து வைத்தது மூரின் வாதம் அன்று, கணக்கே. தொகுதி ஒன்றுக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் தரமாட்டோம் என்று மியூடி நிறுவனமும் ஸ்மித் நிறுவனமும் 1894-இல் அறிவித்தன. சில ஆண்டுகளில் மூன்று தொகுதி நாவல் மறைந்தது.

1908-இல் தோன்றிய மில்ஸ் அண்டு பூன் நிறுவனம், 1930-களில் காதல் நாவல்களையே தன் தனித்தொழிலாகக் கொண்டது. பழுப்பு நிற அட்டையே அந்நூல்களுக்கு அடையாளம். இரண்டு பென்ஸ் வாடகைக்கு நூல் கொடுத்த கடைகளில் வாசகியர் ஆசிரியர் பெயரையோ கதைப் பெயரையோ கேளாமல், பழுப்பு நிற நூல் ஒன்று வேண்டும் என்றே கேட்டனர்.

அந்நிறுவனத்தின் நாவல்கள் பிற்காலத்தில் நம் ஊர் வாடகை நூல்நிலையங்களிலும் அலமாரி அலமாரியாக நிறைந்திருந்தன. பெயர்களும் அட்டைப் படங்களும் ஒன்றுபோலவே இருந்தமையால், படித்ததையே மீண்டும் எடுத்துச் செல்லாதிருக்கச் சில வாசகியர் கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் தமக்குரிய குறி ஒன்றை இட்டுவைப்பர். ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் சிறு வட்டம் வரைவார். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை அக்குறிகளை வேறுவிதமாகப் பயன்படுத்தினார். வட்டம் வரைபவர் யார் என்று அவர் அறியார். ஆயினும் அவருடைய சுவை தம் சுவையோடு ஒத்திருப்பதைக் கண்டுகொண்டு, நூலைப் பின்பக்கமாகத் திருப்பி, வட்டம் இருந்தால் மட்டுமே எடுத்துச் செல்வார்.