லிடோவாவில் முறிந்த உஜமா: ஜூலியஸ் நைரேரேயின் ஆட்சி குறித்து ஒரு மறுமதிப்பீடு

தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயைப் (1922–1999) பற்றிய மதிப்பீடுகளில் பல ஒரே தீர்ப்பில் வந்து நிற்கின்றன: மனிதர் நேர்மையானவர், கொள்கைதான் தோற்றது. அவருடைய ஒழுக்கத்துக்கும் ஆட்சிக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணவைக்கும் தீர்ப்பு இது. உஜமா என்னும் கிராமியச் சோஷலிசம் வீழ்ந்ததற்கு வறட்சியையும் எண்ணெய் விலையையும் அதிகாரிகளின் அத்துமீறலையும் சிலர் காரணமாக்குவர். சோஷலிசமே காரணம் என்பர் வேறு சிலர். இரண்டும் போதாத விளக்கங்கள். ஆட்சியை மறுத்துப் பேசக்கூடிய இடங்களை நைரேரேயின் கட்சியே ஒவ்வொன்றாக அடைத்தது. அதில் தீர்மானகரமான ஆண்டு, கட்டாயக் குடியேற்றம் தொடங்கிய 1973 அல்ல, 1969 என்பது இக்கட்டுரையின் வாதம்.

விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே புட்டியாமாவில் ஸனாக்கி இனக்குழுத் தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, மக்கரேரேயிலும் எடின்பரோவிலும் படித்துப் பள்ளி ஆசிரியரானவர் நைரேரே. 1954இல் டானு கட்சியைத் தொடங்கினார். 1961 டிசம்பரில் தாங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) ஆயுதப் போரின்றி விடுதலை பெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாட்டைச் சுவாஹிலியால் ஒன்றுபடுத்தியது அவருடைய பெரும் சாதனை. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தை அவரே அம்மொழிக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் விசாரணையின்றிச் சிறைவைக்கும் தடுப்புக் காவல் சட்டம் 1962இலேயே வந்துவிட்டது. 1965இல் ஒரே கட்சி ஆட்சி சட்டமானது. இதை வெறும் அதிகார வேட்கை என்று தள்ளிவிட இயலாது. வர்க்கப் பிளவு முற்றாத சமூகத்தில் எதிர்க்கட்சி செயற்கையானது என்று அவர் மெய்யாகவே நம்பினார். அவ்வாண்டுத் தேர்தலில் தொகுதிதோறும் கட்சிக்காரர் இருவர் மோத வழி செய்யப்பட்டது, அமைச்சர்களும் தோற்றனர். யார் ஆள்வது என்பதை மக்கள் மாற்றலாம், எப்படி ஆள்வது என்பதை மாற்ற இயலாது. இந்த வரம்புதான் பின்னர் உயிரை வாங்கியது.

1967 பிப்ரவரியில் அருஷா பிரகடனம் வெளிவந்தது. வங்கிகள் நாட்டுடைமையாயின. தலைவர்கள் பங்குகள் வைத்திருக்கவோ, வீடுகளை வாடகைக்கு விடவோ, இரண்டு சம்பளம் வாங்கவோ கூடாது என்று விதி வந்தது. அவ்விதிப்படி வாழ்ந்து காட்டினார் நைரேரே. அக்காலத்து ஆட்சியாளர்களிடையே இது அரிது, வணங்கத்தக்கது.

தெற்கே சொங்கேயா வட்டாரத்தில் அதற்கு முன்பே ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. டானு இளைஞர்கள் சிலர் லிடோவாவில் நிலம் திருத்திக் கூட்டாகப் பயிரிட்டனர். பிற கிராமங்களும் சேர்ந்து ருவுமா வளர்ச்சிச் சங்கம் உருவாயிற்று. அங்கே பள்ளிப் படிப்பு வயல் வேலையோடு பிணைந்திருந்தது. மாவரைக்கும் ஆலை சங்கத்துக்கே சொந்தம். எதைச் செய்வதென்று ஊர்க் கூட்டம் தீர்மானித்தது. உஜமா ஏட்டில் சொன்னதை உழைப்பில் காட்டிய ஊர்கள் அவை. நைரேரேயும் வியந்து பாராட்டினார். மேலிடத்து ஆணைக்குக் காத்திராத அந்த அமைப்பு, வட்டார அதிகாரிகளுக்கும் கட்சித் தலைகளுக்கும் உறுத்தியது. 1969 செப்டம்பரில் டானுவின் மத்தியக் குழு சங்கத்தைக் கலைத்தது. உடைமைகள் பறிமுதலாயின, லிடோவா ஆசிரியர்கள் பிற இடங்களுக்கு மாற்றப்பட்டனர். அக்கட்சியின் தலைவர் நைரேரேதான். மக்களை வேறொருவர் வளர்த்தெடுக்க இயலாது, அவர்களே வளர வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டு எழுதியவரும் அவரே. இந்த முரணை விளக்காத எந்த வரலாறும் எனக்கு முழுமையாகத் தோன்றவில்லை.

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. 1971 டிசம்பர் 25 அன்று, கூட்டுப் பண்ணையைத் திணித்துவந்த இரிங்கா மண்டல ஆணையர் வில்பர்ட் க்ளேருவை இஸ்மானியில் விவசாயி ஒருவர் சுட்டுக்கொன்றார். எச்சரிக்கை அவ்வளவு உரத்துக் கேட்டும் ஆட்சி திரும்பவில்லை. கிராமங்களில் குடியேறுவது இனி ஆணை என்று 1973 நவம்பரில் நைரேரே அறிவித்தார். பல இடங்களில் பழைய வீடுகள் கொளுத்தப்பட்டன. தண்ணீரும் மண்வளமும் பாராமல் சாலையோரங்களில் குடியிருப்புகள் எழுந்தன. 1977க்குள் 1 கோடியே 30 லட்சம் பேர் கிராமங்களில் இருப்பதாக அரசு கணக்குச் சொன்னது. தோப்பு ஓரிடம், வீடு ஓரிடம் என்றான பகுதிகளில் முந்திரி விளைச்சல் சரிந்தது. விவசாயிகள் விலை பேசக் கைவசமிருந்த கூட்டுறவு ஒன்றியங்களும் 1976இல் கலைக்கப்பட்டன.

அரசின் பிடிக்கு அகப்படாத குடியானவர் என்று அரசியல் அறிஞர் கோரான் ஹைடன் இத்தோல்வியை விளக்கினார். மேலிருந்து வரைபடம் போட்டு ஆளும் நவீன அரசின் குருட்டுப் பார்வை என்றார் மற்றோர் அரசியல் அறிஞரான ஜேம்ஸ் ஸ்காட். ஸ்காட் உண்மைக்கு நெருக்கமானவர். ஹைடனுக்கோ ருவுமாவே மறுப்பு: அங்கே குடியானவர்கள் ஒதுங்கிப் போகவில்லை, தாமே முன்வந்தார்கள்.

தொடக்கக் கல்வி 1970களில் நாடெங்கும் பரவியது, எழுத்தறிவு பன்மடங்கு உயர்ந்தது. உகாண்டா அதிபர் இடி அமீனின் படையெடுப்பை முறியடித்த 1978–79 போர் கருவூலத்தை வறிதாக்கியது. இவற்றைக் கணக்கில் கொண்டாலும் என் முடிவு மாறாது. தம் தூய்மையில் கொண்ட உறுதியே, பிறர் மறுப்பைத் தடையாக மட்டும் பார்க்க அவரைப் பழக்கியது.

1985இல் தாமாகவே பதவி விலகினார் நைரேரே. 1990இல் பல கட்சி முறை பற்றிய விவாதத்தை வெளிப்படையாகத் தொடங்கிவைத்தார். நீதிபதி நியலாலி தலைமையிலான ஆணையம் கருத்துக் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் ஒரே கட்சி போதும் என்றனர். ஆனாலும் ஆணையம் பல கட்சி முறையைப் பரிந்துரைத்தது. நைரேரே அதை ஆதரித்தார். 1992இல் சட்டம் திருத்தப்பட்டது. பெரும்பான்மை விரும்பாத மாறுபாட்டுக்கும் அரசியலில் இடம் வேண்டும் என்று, ஒரு கட்சி ஆட்சியை வடிவமைத்தவரே வந்து சேர்ந்த இந்நிலையை, 1969 பற்றிய என் வாதத்துக்கு முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன்.