பீலித் தண்ணீரில் பொஸ்பரஸ்: எதைச் சந்தேகிப்பது?

பதுளைப் பக்கத் தோட்டங்களுக்குப் போனால் பீலிக்கரையில் என்னிடம் கேட்பார்கள்: "மேல மரக்கறிக்குப் போடுற பசளை இந்தத் தண்ணியில இறங்குதா?"

நியாயமான கேள்வி. வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைச் சரிவுகளில் உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் பொஸ்பரஸ் கொண்ட பசளை இடப்படுகிறது. ஆனால் மலையகச் செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் பெரும்பகுதி நிலத்தடிக்கு இறங்காது. மழை அரிக்கும் மண்ணோடு உமா ஓயா, பதுளு ஓயா வழியாக மகாவலிக்குப் போகும். நீர்த்தேக்கங்களில் நீலப்பச்சைப் பாசியை வளர்க்கும். அப்பாசிகளில் சில நச்சை உண்டாக்குபவை.

ஆழமற்ற ஊற்றிலும் கிணற்றிலும் பொஸ்பேற்று கூடியிருந்தால், பசளையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மேட்டில் லயத்து மலசலகூடக் குழியோ மாட்டுப்பட்டியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாள்பட்ட கழிவால் மண் நிரம்பிவிட்டால் பொஸ்பரஸ் கசியத் தொடங்கும்.

இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயமான எஸ்எல்எஸ் 614, பொஸ்பேற்றுக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் என எல்லை வைத்திருக்கிறது. குடிப்பவரைப் பொறுத்தவரை பொஸ்பேற்று ஓர் அறிகுறிதான். ஆபத்து, அதனுடன் சேர்ந்து வரும் மலக்கிருமிகளும் நைத்திரேற்றும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அதன் எல்லை 50 மில்லிகிராம். மீறினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே முதலில் பாதிப்பு.

ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கும்போது மூன்றையும் சேர்த்தே பரிசோதிக்கக் கேளுங்கள். வெயில் காலத்தில் ஒருமுறை, ஐப்பசி மழை தொடங்கியதும் ஒருமுறை.