யானை ஏறிய ஓடம்

திருவரங்கத்தில் ஒரு யானையை எடை போட்டிருக்கிறார்கள். வெறும் யானை இல்லை, மேலே ராஜாவும் உட்கார்ந்திருக்க.

ராஜா, 1251இல் பட்டத்துக்கு வந்த சடையவர்மன் சுந்தர பாண்டியன். கண்ணனூரில், அதாவது இன்றைய சமயபுரத்துப் பக்கம், ஹொய்சளர்களை ஒடுக்கினான். சேந்தமங்கலத்துக் கோப்பெருஞ்சிங்கனை அடக்கினான். வந்த செல்வத்தில் பெரும்பங்கு திருவரங்கத்துக்கும் சிதம்பரத்துக்கும் போனது. பொன் வேய்ந்த அரசன் என்ற பொருளில் ‘ஹேமாச்சாதன ராஜன்’ என்ற பட்டமே அவனுக்கு நிலைத்தது. பல தலைமுறைகள் எழுதிச் சேர்த்த திருவரங்கத்துக் கோயில் வரலாறான ‘கோயிலொழுகு’ அவன் துலாபாரம் கொடுத்த கதையைச் சொல்கிறது. துலாபாரம் என்றால் அரசன் ஒரு தட்டில், பொன் இன்னொரு தட்டில். சுந்தர பாண்டியனுக்கு அது போதவில்லை. யானையோடு சேர்த்துத் தன்னை நிறுக்கச் சொன்னான். யானை ஏறும் தராசுக்கு எங்கே போவது? இரண்டு ஓடங்கள் தயாராயின. ஒன்றில் பட்டத்து யானையும் அதன்மேல் அரசனும். மற்றதில் பொன்னும் மணியும். இரண்டும் நீரில் ஒரே மட்டத்துக்கு அமிழும்வரை கொட்டினார்கள்.

தந்திரம் உலகத்துக்குப் புதிதில்லை. சீனத்தில் சாவ் சாவின் மகன் சாவ் சோங், சின்னப் பையன், 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யானையைப் படகில் ஏற்றி, நீர்மட்டத்தைக் கோடு கிழித்து, பிறகு அதே கோடுவரை கல்லை நிரப்பி நிறுத்தான் என்று கதை உண்டு. சாவ் சோங் எடையைத் தெரிந்துகொள்ள நினைத்தான். பாண்டியனுக்கோ எத்தனை பாரம், எத்தனை மணங்கு என்பது முக்கியமே இல்லை. ஊர் பார்க்க, இரண்டு ஓடமும் சமமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வளர்ந்த ஆண் யானை சுமார் 4 டன். அத்தனையும் பொன்னாக இருந்தால் கன அளவு 207 லிட்டர்தான் வரும். கிட்டத்தட்ட ஒரு டீசல் பேரல். இந்தப் பக்கம் ஓடம் நிறைய யானை, அந்தப் பக்கம் அடியில் ஒரு பேரல் அளவுக்குப் பொன். முத்தும் மணியும் கலந்து கொட்டினால்தான் பார்க்கக் கொஞ்சம் நிறைவாக இருந்திருக்கும். ஓடம் 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் அமிழ 300 கிலோ வேண்டும். நீர்மட்டம் பார்த்தவர் கண் ஒரு விரற்கடை தப்பினால் கோயிலுக்குப் பல நூறு கிலோ பொன் கூடும், அல்லது குறையும். அந்த இடத்தில் நின்று “சரி, போதும்” என்று சொன்ன ஆள் யார் என்பதுதான் என் மண்டையைக் குடைகிறது.

ஆனால் அந்த முறையில் ஒரு அழகு இருக்கிறது. இரண்டு ஓடமும் ஒரே மாதிரி என்றால் ஓடத்தின் எடையைக் கழிக்கவே வேண்டாம், அதுவே அடிபட்டுப் போகும். பாத்திரத்தின் எடையைக் கழிப்பது நம் ஊரில் பழைய கவலை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைகளை எடைக்கல்லால் நிறுத்தபோது சரடு, சட்டம், செப்பாணி இதையெல்லாம் நீக்கி நிறுத்ததாகக் குறிப்பு வருகிறது. நம்ம டிரைவர்கள் ‘எம்டி வெயிட்’ என்று சொல்வதற்கு அதுதான் பாட்டன் முறை.

பொன்னுக்கு இத்தனை கவனம். நெல்லுக்கு? நெல்லை யாரும் நிறுக்கவில்லை, அளந்தார்கள். 12 மரக்கால் ஒரு கலம். மணங்கும் வீசையும் புளிக்கும் வெல்லத்துக்கும். காவிரிக்கரை வயலிலிருந்து நெல் மாட்டுவண்டியில் போனது, வண்டி எத்தனை கனம் என்று மாட்டுக்கு மட்டும் தெரியும்.

வண்டியை வண்டியாகவே நிறுக்கும் மேடை இங்கிலாந்திலிருந்து வந்தது. அது பிறந்த காரணம் வியாபாரம் மட்டும் இல்லை. கனத்த வண்டிகளின் சக்கரம் ரோட்டைக் கிழிக்கிறது என்பதால் 1741இல் அங்கே ஒரு சட்டம், சுங்கச் சாலைகளில் எடைக்கருவி வைக்க அனுமதித்தது; 3 டன்னைத் தாண்டினால் தண்டக் கட்டணம். வண்டியைச் சங்கிலி கட்டித் தூக்கி நிறுக்க வேண்டியிருந்த காலம் அது. பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் வயாட் அதே பத்தாண்டில் தரைமட்டத்தில் மேடையும் அடியில் ஒன்றோடொன்று கோத்த நெம்புகோல்களும் வைத்து, வண்டியை ஓட்டிவந்து நிறுத்தினாலே போதும் என்று ஆக்கினார். ஆக, ரோட்டின் சார்பாகக் கேள்வி கேட்க வந்த கருவி அது.

இங்கே நாம் பார்ப்பது வேறு. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைப் பக்கம், அரியமங்கலம் பக்கம், துவாக்குடித் தொழிற்பேட்டை வழியில் ‘எலக்ட்ரானிக் எடை மேடை’ என்று போர்டு தொங்கும். நெம்புகோல் போய், அழுத்தத்தில் மயிரளவு வளைந்து அதை மின்சாரமாகச் சொல்லும் ‘லோடு செல்’ வந்துவிட்டது. ஆண்டுக்கொரு முறை முத்திரை வைக்க வேண்டும். லாரி, டிராக்டர், மாருதி வேன் எது வந்தாலும் ஏறலாம். அதிகம் ஏறுவது டாடா ஏஸ். 2005இல் வந்த வண்டி, முக்கால் டன் ஏற்றும். நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் குட்டியானை. யானை எடை போட்ட ஊரில் இந்தப் பெயர் வந்து சேர்ந்ததை நான் திட்டமிடவில்லை!

குட்டியானை இரண்டு தடவை ஏறும். லோடோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை. சீட்டில் மூன்று வரி: மொத்த எடை, காலி எடை, நிகர எடை. விளையாட்டெல்லாம் நடப்பது அந்த இரண்டு தடவைக்கு நடுவில். பழைய இரும்பு விற்க வந்த வண்டியில் லோடு வெயிட்டுக்குக் கூட ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். எம்டி வெயிட் போடும்போது அவர் டீ குடிக்கப் போயிருப்பார். 60 கிலோ ஆள், இரும்போடு இரும்பாக விலை போயிருப்பார். கிலோ 30 ரூபாய் என்றால் 1,800 ரூபாய். இது தெரிந்த ஆபரேட்டர் ஜன்னலுக்குள்ளிருந்தே கத்துவார், “அண்ணே, எல்லாரும் இறங்குங்க, இல்லேன்னா எல்லாரும் ஏறுங்க.” பதினாறாவது கல்வெட்டு வரி மாதிரி எனக்கு அது கேட்கும்.

சரி, இதெல்லாம் வாங்குபவன் விற்பவன் சண்டை. வயாட்டின் மேடை கேட்ட கேள்வியை இங்கே யார் கேட்கிறார்கள்?

அமெரிக்க நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் ஒவ்வொரு அச்சையும் தனித்தனி மேடையில் நிறுத்தி, முன்னச்சில் எவ்வளவு, பின்னச்சில் எவ்வளவு என்று சீட்டு கொடுக்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1950களின் கடைசியில் இல்லினாய்ஸ் மாநிலம் ஒட்டாவாவில் லாரிகளை ஓயாமல் ஓட்டி ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்தது. அச்சுச் சுமை கூடினால் ரோட்டுக்கு வரும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும் என்பது அதன் முடிவு. சுமையை 20 சதவீதம் கூட்டினால் சேதம் இரண்டு மடங்கு. 2018இல் மத்திய அரசு, நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின்னச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்கு உயர்த்தியது. சட்டத்துக்குள் ஓடும் வண்டியே ரோட்டுக்கு 60 சதவீதம் கூடுதல் சேதம் செய்யலாம் என்று அர்த்தம். வரம்பு மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஆனால் மீறியதைக் காட்ட முதலில் நிறுக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, சந்தேகப்படும் வண்டியைப் போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம் என்றது. கூடவே ஒரு சொல்: அப்படி ஒன்று ‘இருந்தால்’.

கொள்ளிடத்து மணல் இந்தச் சொல்லுக்குள் புகுந்துதான் போனது. மணல் கிலோவில் விற்கவில்லை, யூனிட்டில் விற்றது. 100 கன அடி ஒரு யூனிட். நெல்லுக்கு மரக்கால் என்றால் மணலுக்கு லாரித்தொட்டி. காய்ந்த மணலே ஒரு யூனிட் சுமார் நாலரை டன் வரும்; ஆற்றிலிருந்து அள்ளி நீர் சொட்டச் சொட்டப் போவது அதைவிடக் கனம். அப்போதைய 16.2 டன் வரம்பில் இரண்டு அச்சு லாரிக்கு இரண்டு யூனிட்டே நெருக்கம். மூன்று யூனிட் ஏற்றினால் 19 டன்னைத் தாண்டும். யூனிட்டில் காசு வாங்குபவருக்கு எடை தேவையில்லை, கொடுப்பவருக்கும் தேவையில்லை. எடை தேவைப்பட்டது பாலத்துக்கு. அது கேட்க முடியாது.

திருவரங்கத்தையும் வடகரையையும் இணைத்த கொள்ளிடம் இரும்புப் பாலம் 1928இல் கட்டப்பட்டது. மாட்டுவண்டியையும் அந்தக் காலத்து பஸ்ஸையும் மனதில் வைத்துக் கட்டிய பாலம், டாரஸ் லாரிகளையும் சுமந்து 2016வரை தாக்குப்பிடித்தது. பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு ஓய்வு கொடுத்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், ஒரு வண்டிகூட மேலே இல்லாத நேரத்தில், அதன் தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. மணல் அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்ததுதான் காரணம் என்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். அதே மாதம் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் மதகுகளும் அடித்துக்கொண்டு போயின. மேலே ஓடிய சுமையும் கீழே காலைச் சுற்றி இல்லாமல் போன மணலும் ஒரே பொருள் என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. அந்த மணலை யாராவது நிறுத்திருந்தால் இரண்டு கணக்கும் ஒரே சீட்டில் இருந்திருக்கும்.

தெற்கே, சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவில் இருக்கும் 1976ஆம் ஆண்டுக் காவிரிப் பாலம் அதிர்ஷ்டசாலி. 2022 கடைசியில் அதை மூடி, தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் பாரத்தை வாங்கும் பேரிங்குகளைச் சரிசெய்து, இணைப்புகளைப் புதிதாகப் போட்டார்கள். திருவரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட் போக வேண்டிய குட்டியானைகள் பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றின. 2023 மார்ச்சில் திறந்தார்கள். அன்றே எல்லா வண்டியும் ஏறிவிட்டது.