அப்பா, அம்மாவுக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தரப் போறீங்களா? முதல்ல மவுஸை அவங்க கையில் விடுங்க!

பெங்களூரு, புனே, டெல்லி என எங்கோ ஓர் அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். ஊரிலிருந்து அப்பாவின் போன். "தம்பி, ஸ்கிரீன்ல என்னமோ வந்து நிக்குது. ஓகே குடுக்கவா, வேணாமா?" என்கிறார். "எதையும் தொடாதீங்க, நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லி கட் பண்ணுகிறீர்கள்.

நானும் பல வருடங்கள் இதையேதான் சொன்னேன். ஊருக்குப் போகும்போது அம்மா கையிலிருந்து மவுஸை வாங்கி, "குடுங்க, நான் பண்றேன்" என்று பத்து நொடியில் வேலையை முடித்துவிடுவேன். அம்மா எதையும் கற்றுக்கொள்ளவில்லை. "நமக்கு இதெல்லாம் வராது" என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டார்.

இன்று பென்ஷன், வங்கி, மின் கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாமே திரைக்குள் போய்விட்டன. திரையைக் கண்டு பயப்படும் பெரியவர், போனில் மிரட்டுகிறவன் சொல்வதையும் சுலபமாக நம்பிவிடுகிறார். அதனால் இது பொழுதுபோக்குப் பாடம் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பார்க்கலாம்.

முதலில் கம்ப்யூட்டரை அவர்களுக்கு ஏற்ப மாற்றுங்கள்

பல பெரியவர்களுக்குப் பிரச்னை புரிதலில் இல்லை, பார்வையிலும் விரலிலும்தான். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் போய் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியைத் திறங்கள். 'டெக்ஸ்ட் சைஸ்' என்பதில் எழுத்தை 225 சதவிகிதம் வரை பெரிதாக்கலாம். அதே இடத்தில் மவுஸ் அம்புக்குறியைப் பெரிதாக்கி, நிறத்தையும் மாற்றலாம்.

மவுஸ் செட்டிங்ஸில் டபுள் கிளிக் வேகத்தைக் குறையுங்கள். விரல் மெதுவாக அசைந்தாலும் ஃபைல் திறக்கும். லேப்டாப்பின் டச்பேட் புதியவர்களுக்குக் கஷ்டம். தனியாக ஒரு மவுஸ் வாங்கிக் கொடுங்கள்.

ஷிஃப்ட் கீயை ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு பெட்டி வரும். அதைப் பார்த்து மிரளாத பெரியவர் குறைவு. அந்த ஷார்ட்கட்டை ஆஃப் செய்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் தேவையான நான்கைந்து ஐகான்களை மட்டும் வையுங்கள்.

இன்னொரு விஷயம். நாம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய லேப்டாப்தான் பல வீடுகளில் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. அதில் பேங்கிங் செய்வதற்கு முன், விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பாருங்கள்.

முதல் வாரம்: நாலே நாலு விஷயம்

ஒன்று, இடது கிளிக் என்றால் 'செய்', வலது கிளிக் என்றால் 'என்னென்ன செய்யலாம் என்று காட்டு'. இப்படிச் சொன்னால் குழப்பம் குறையும்.

இரண்டு, கன்ட்ரோல் கீயுடன் இசட். தட்டச்சு செய்யும்போது எதை அழித்தாலும் திரும்பக் கொண்டுவந்துவிடும். இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். 'தப்பு பண்ணினாலும் சரிபண்ணிக்கலாம்' என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

மூன்று, கன்ட்ரோலுடன் பிளஸ் குறி. பிரவுசரில் எழுத்து பெரிதாகும். கன்ட்ரோலுடன் பூஜ்யம் அழுத்தினால் பழைய அளவுக்கு வரும்.

நான்கு, கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துவது. தெரியாமல் மூடிவிட்ட டேப் திரும்ப வரும்.

சொல்லிக் கொடுக்கும்போது உங்கள் கை மேஜைக்குக் கீழேயே இருக்கட்டும். அவர்களே ஒரு நோட்டில் தங்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளட்டும். 'நீலக் கலர் பட்டன், வலது பக்கம் கீழே' என்று அவர்கள் எழுதுவதுதான் அவர்களுக்கான கையேடு. பாஸ்வேர்டையும் பின் நம்பரையும் மட்டும் அந்த நோட்டில் எழுத வேண்டாம்.

தமிழில் டைப் செய்ய முடியுமா?

தாராளமாக. விண்டோஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்து, 'ஃபொனெட்டிக்' கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்துகளில் 'அம்மா' என்று ஒலிப்படி தட்டினால் தமிழில் வரும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். ஆங்கில எழுத்துகள் பழக்கமில்லாதவர்களுக்கு, தமிழ்நாடு அரசு தரப்படுத்திய 'தமிழ் 99' கீபோர்டு பொருத்தமாக இருக்கும்.

போனில் இன்னும் சுலபம். கூகுளின் ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக் பட்டனை அழுத்திப் பேசச் சொல்லுங்கள். பேசுவது எழுத்தாகிவிடும்.

முதல் பயிற்சியாக ஒரு நிஜ வேலை

வெறும் பயிற்சி சீக்கிரம் சலித்துவிடும். பென்ஷன் வாங்குகிறவர் என்றால் 'ஜீவன் பிரமான்' நல்ல தொடக்கம். 2014 நவம்பரில் அறிமுகமான டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் இது. 2021-ல் முக அடையாள வசதியும் வந்தது. அதன்பிறகு கைரேகைக் கருவி இல்லாமல் போன் கேமராவிலேயே முடிக்கலாம்.

'ஜீவன் பிரமான்', 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' என இரண்டு ஆப்கள் வேண்டும். ஆதார் எண், பென்ஷன் ஆணை எண், வங்கிக் கணக்கு எண், மொபைல் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். முகத்தில் நல்ல வெளிச்சம் படும்படி உட்கார வையுங்கள். முடிந்ததும் மெசேஜில் வரும் பிரமான் ஐடியைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு இது நவம்பர் மாத வேலை. 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பிஎஃப் பென்ஷன்தாரர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், ஓராண்டு செல்லும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களின் நேர்காணல் காலம் வேறு என்பதால் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப் படுத்தினால், தபால்காரர் வீட்டுக்கே வந்து கட்டணத்துக்குச் செய்து தரும் வசதியும் இருக்கிறது.

பணம் என்று வந்தால் ஐந்து விதிகள்

இந்தப் பகுதியை மட்டும் பிரின்ட் எடுத்து சுவரில் ஒட்டலாம்.

1. யுபிஐ பின் என்பது பணம் அனுப்பவும் பேலன்ஸ் பார்க்கவும்தான். பணம் வாங்க பின் போடத் தேவையில்லை, க்யூஆர் ஸ்கேன் பண்ணவும் தேவையில்லை.

2. ஓடிபி யாருக்கும் இல்லை. 'பேங்க் மேனேஜர்' என்று சொல்கிறவருக்கும் இல்லை.

3. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவுமே இல்லை. போலீஸோ சிபிஐயோ வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. 2024 அக்டோபரில் பிரதமரே மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைச் சொல்லி எச்சரித்தார்.

4. வங்கியின் இணையதளம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 31-க்குள் இந்த முகவரிக்கு மாறும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. சரியான பக்கத்தை நீங்களே புக்மார்க் செய்து கொடுத்துவிடுங்கள்.

5. பணம் போய்விட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் புகார் பதிவாகிறதோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம்.

கூடவே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். யுபிஐ இணைத்த கணக்கில் மாதச் செலவுக்கான தொகை மட்டும் இருக்கட்டும். ஓய்வுக்காலச் சேமிப்பு வேறு கணக்கில் இருக்கட்டும்.

தூரத்திலிருந்து எப்படி உதவுவது?

விண்டோஸில் 'க்விக் அசிஸ்ட்' இருக்கிறது. உங்கள் பக்கம் உருவாகும் கோடை அவர்கள் டைப் செய்து அனுமதி கொடுத்தால், அவர்கள் திரை உங்களுக்குத் தெரியும். மோசடிக்காரர்களும் இதே மாதிரி ஆப்களைத்தான் இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள். அதனால் வீட்டுக்கு ஒரு விதி வையுங்கள்: திரையைக் காட்டுவது பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் நம்பர் தெரிந்த போனில் பேசிய பிறகு.

உங்கள் குரலையே போலியாக உருவாக்கும் காலம் இது. குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏமாந்த பெரியவர்கள் பலர் அதை வீட்டில் சொல்வதில்லை. பணம் போன வருத்தத்தைவிட, பிள்ளைகள் திட்டுவார்களே என்ற பயம் பெரிது. அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்கு லாபம். "எவ்வளவு போனாலும் பரவாயில்ல, முதல்ல என்கிட்ட சொல்லுங்க" என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை மீட்டிங் நடுவே அப்பா கூப்பிட்டால், "தொடாதீங்க" என்று சொல்லாதீர்கள். "அரை மணி நேரத்துல கூப்பிடறேன், அதுவரை ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு நோட்டுல எழுதி வைங்கப்பா" என்று சொல்லுங்கள். சொன்னபடி கூப்பிட்டும் விடுங்கள்.