வேறுபாட்டு ஈவு

ஒரு சார்பின் மாறி சிறிது நகரும்போது சார்பின் மதிப்பில் உண்டாகும் மாற்றத்தை அந்த நகர்வால் வகுத்தால் கிடைப்பது வேறுபாட்டு ஈவு. மாறி ம, நகர்வு த, சார்பு ப என்று கொண்டால் அது (ப(ம + த) − ப(ம)) ÷ த. வரைபடத்தில் இது வளைவரையின் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் வெட்டுக்கோட்டின் சாய்வு. த சுழியை நெருங்க நெருங்க ஈவு எந்த மதிப்பை அணுகுகிறதோ அந்த எல்லையே வகைக்கெழு. வெட்டுக்கோடும் தொடுகோட்டை நெருங்கும். பாடநூல்கள் வகைக்கெழுவுக்கு ஏறும் படியாக மட்டுமே ஈவைக் காட்டுகின்றன. அது பாதி நியாயம்தான். கருவி வைத்து அளக்க முடிவது எப்போதும் ஈவைத்தான்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. நகர்வை 24 மணி என்று எடுத்தால் ஈவு மணிக்குச் சுமார் 2 செ.மீ. பக்கத்து முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை இந்த எண்ணை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. மழை ஒரே சீராகப் பெய்யாது. மணிக்கணக்கில், கால் மணிக்கணக்கில் கழித்து வகுத்தால்தான் அடைமழையின் வேகம் தெரியும்.   

கழித்து வகுக்கும் இந்தக் கணக்கு எல்லை என்ற கருத்தைவிட மிகப் பழையது. கி.பி. 499இல் ஆரியபட்டர் 90 பாகையை 24 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் 225 கலை (60 கலை ஒரு பாகை) வைத்து, சைன் மதிப்புகளைத் தராமல் அவற்றின் அடுத்தடுத்த வேறுபாடுகளையே தந்தார்: 225, 224, 222, 219, 215 என்று இறங்கி 7இல் முடியும். ஒவ்வொன்றையும் 225ஆல் வகுத்துப் பார்த்தால் ஈவு 1இல் தொடங்கிச் சுழியை நோக்கித் தேய்கிறது. சைனின் வகைக்கெழு கொசைன் என்று இன்று படிப்பதன் எண் வடிவம் இது. 45 பாகையின் இருபுறமும் உள்ள வேறுபாடுகள் 164, 154. இரண்டின் சராசரியை 225ஆல் வகுத்தால் 0.7067, கொசைன் 45 பாகையின் மதிப்பு 0.7071.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்குப் பஞ்சாங்கத்தில் குடியேறியது. வாக்கிய முறையில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். வரருசி செய்தவை என்பது மரபு. ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் எண்களைக் குறிக்கும். ஒரு வாக்கியம் ஒரு நாள். முதல் மூன்று நாள்களுக்கு அவை தரும் இடங்கள் 12 பாகை 3 கலை, 24 பாகை 9 கலை, 36 பாகை 22 கலை. கழித்தால் நாள்வேகம்: 12 பாகை 3, 12 பாகை 6, 12 பாகை 13. நகர்வு ஒரு நாள் என்பதால் வேறுபாடே ஈவாகிவிடுகிறது. சராசரியான 13 பாகை 11 கலையைவிட இவை குறைவாக இருக்கக் காரணம், கணக்கு சந்திரனின் உச்சத்தில், அதாவது அது பூமிக்கு மிகத் தொலைவில் மெதுவாகச் செல்லும் இடத்தில், தொடங்குவது. ஒன்பது முறை உச்சத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 248 நாள் ஆகும். இடைப்பட்ட நேரத்துக்கு, அன்றைய ஈவை நாளின் பின்னத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். இம்முறையின் மூலநூலான வாக்கியகரணம் 1962இல் சென்னையில் பதிப்பானது. தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, நினைவிலிருந்தே கிரகணம் கணித்ததை ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியான காலசங்கலிதத்தில் பதிவுசெய்தார்.

ஒரு நாள் என்ற நகர்வு சந்திரனுக்குப் பெரியது என்பதை 1150இல் இரண்டாம் பாஸ்கரர் சொல்லிவிட்டார். அதன் வேகம் நொடிக்கு நொடி மாறுவதால் திதி முடிவுக்கு அந்தந்த நேரத்து வேகம் வேண்டும் என்று கொசைனைக் கொண்டு தாத்காலிக கதியைக் கணித்தார். இதை நுண்கணிதம் என்று கொண்டாடுவது மிகை. எல்லைக்கு வரையறை அங்கே இல்லை.

ஐரோப்பாவில் பெர்மா 1630களில் சிறு அளவொன்றைக் கூட்டி, அதனால் வகுத்து, பிறகு அதைக் கைவிட்டார். சுழியாக்கப்போகும் எண்ணால் முதலில் எப்படி வகுக்கலாம் என்று 1734இல் பெர்க்லி நியூட்டனின் வழியினரைக் கிண்டலடித்தார். சரியான கேள்வி. வகைக்கெழுவை ஈவின் எல்லையாகவே கோஷி 1823இல் வரையறுத்த பிறகுதான் அது அடங்கியது.

பெர்க்லியின் சிக்கல் பதினொன்றாம் வகுப்பிலும் எட்டிப்பார்க்கும். வர்க்கச் சார்புக்கு மேல்பகுதி 2மத + த². த-வால் வகுத்தால் 2ம + த. ம = 3 எனில், த 1, 0.1, 0.01 ஆகும்போது ஈவு 7, 6.1, 6.01. வகுத்த பிறகே த-வைச் சுழிக்கு அனுப்ப வேண்டும். முதலிலேயே சுழி போட்டால் சுழியின் கீழ் சுழிதான் மிஞ்சும். வர்க்கமூலத்துக்கு இணையெண்ணால் பெருக்க வேண்டும்; தலைகீழிக்குப் பொதுப் பகுதி எடுத்தால் −1 ÷ (ம(ம + த)). மாணவர்கள் அதிகம் சறுக்குவது ப(ம + த) என்பதை ப(ம) + த என்று எழுதுவதில். அப்படி எழுதினால் எந்தச் சார்புக்கும் விடை 1 வந்துவிடும்.

கணினியில் எல்லை எடுக்க முடியாது, ஈவுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே த மிகச் சிறிதானாலும் ஆபத்து. சுமார் 16 இலக்கத் துல்லியத்தில் வேலை செய்யும் கணினியிடம் ம = 1, த = 10⁻¹⁶ கொடுத்து வர்க்கச் சார்பின் ஈவைக் கேட்டால், 1 + த அதற்கு வெறும் 1ஆகவே தெரிவதால், 2க்குப் பதில் 0 வரும். 10⁻⁸ அளவு பொருத்தமானது. அதைவிட நல்லது, ஆரியபட்டரின் 164ஐயும் 154ஐயும் சராசரி எடுத்ததுபோல இருபுறமும் நகர்ந்து கழித்து 2தவால் வகுப்பது. அதற்கு மைய வேறுபாடு என்று பெயர்.