கொடுவாவின் வழி: உன்னிச்சை முதல் முகத்துவாரம் வரை

மட்டக்களப்பு நாட்டின் வரலாறு பெரும்பாலும் நீரின் வரலாறேயாகும். எழுவான்கரையில் நெய்தலும் படுவான்கரையில் மருதமும் அமைய, இடையே வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. மேற்கே, உன்னிச்சையில் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் வயல்களை விளைவிக்கின்றது. மட்டக்களப்பு நகருக்குக் குடிநீரும் தருகின்றது. குளத்தின் பெருமையை உரைப்பார் பலர். ஆற்றையும் வாவியையும் கடலையும் ஒரே வழியாகக் கொண்டு வாழும் கொடுவா மீனை நினைப்பார் சிலரே. ஒரு நாட்டு நீர்வழியின் நலத்தை அளந்தறிய இம்மீனினும் சிறந்த சான்று அரிது.

கொடுவா ஊனுண்ணி. வேர்களின் நிழலிலும் பாறை மறைவிலும் அசைவின்றி நின்று, அணுகும் இறாலையும் சிறுமீனையும் வாய் திறந்து நீரோடு உறிஞ்சி விழுங்கும். தன்னினக் குஞ்சுகளையும் விடாது. பேர்லின் நகர மருத்துவரும் மீனியல் அறிஞருமான புளொக் என்பார் 1790ஆம் ஆண்டில் இதனை விவரித்து அறிவியற் பெயரிட்டார். எனினும் இதன் வாழ்க்கை வரலாறு தெளிவாக விளங்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன.

சமன் என்னும் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். கொடுவாவின் செலவோ இதற்கு மறுதலையானது. பருவமழையை ஒட்டி, ஆற்றுவாயை அடுத்த உவர்நீரில் அது முட்டையிடும். ஒரு பெரிய பெண்மீன் இடும் முட்டைகள் பத்து இலட்சத்தையும் கடக்கும். அவை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். குஞ்சுகள் கண்டற்காட்டுச் சதுப்பினுட் புகுந்து வளரும். பின்னர் அவற்றுட் பல நன்னீரை நாடி ஆற்றில் ஏறும். சில கரையோரத்திலேயே தங்கிவிடும். ஏறியவை சில ஆண்டுகளின் பின் ஆண்மீனாய் முதிர்ந்து கடல்வாய்க்குத் திரும்பும்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. பப்புவா நியூகினியில் ஆராய்ந்த மூர் என்பார், முதலில் ஆணாயிருக்கும் கொடுவா பின்னர்ப் பெண்ணாக மாறுவதை 1979இல் விளக்கினார். எனவே பெருமீன்களெல்லாம் பெரும்பாலும் பெண்மீன்களே. பெரியவற்றையே தேடிப் பிடிப்போமாயின், அடுத்த தலைமுறையின் தாயரையே அழித்தவராவோம்.

இவ்வியல்பை மனத்திற்கொண்டு மட்டக்களப்பின் நீர்வழியை நோக்குக. வாவிக்குக் கடல்வாய்கள் இரண்டு. ஒன்று வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம். மற்றது தெற்கே கல்லாற்றில் உள்ளது. கோடையில் மணல் திரண்டு வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் அதனை உடைக்கும். அன்றேல் மக்கள் வெட்டித் திறப்பர். 2011 சனவரி வெள்ளத்திற்போல வயல்கள் மூழ்குங்கால், வாயை வெட்டுக என உழவர் வேண்டுவது இயல்பே. வெள்ளாமை அழிந்தால் ஓராண்டு உழைப்பும் அழியும். ஆயினும் வாய் திறக்கும் காலமும் அளவும் வாவியின் உவர்ப்பையும் மீனின் போக்குவரவையும் மாற்றிவிடும். ஆதலின் அம்முடிவு உழவர்க்கு மட்டும் உரியதன்று, மீனவர்க்கும் உரியது.

மேற்கெல்லையில் நிலை வேறு. கடலிலிருந்து ஏறிவரும் மீனுக்கு உயர்ந்த அணை கடத்தற்கரிய சுவராகும். அணை கட்டிய முன்னோரைக் குறை கூறுதல் தகாது. அவர் கருதியது சோறு. ஆயினும் பிற நாடுகள் இத்தடைக்கு மாற்றுக் கண்டுள்ளன. அவுஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ரோய் ஆற்றில் 1970இல் தடுப்பணை ஒன்று எழுந்தது. 1994இல் அதன் மீன்வழி திருத்தியமைக்கப்பட்டபின், கொடுவா அதன் வழியே ஏறியமை பதிவாயிற்று. தாழ்ந்த அணைகளுக்கேனும் இத்தகைய வழி அமைத்தல் இயலாததன்று.

குளத்திற் குஞ்சு விட்டாற் போதாதோ என்பார் உளர். சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைச் சிறைநீரில் இனம்பெருக்கியது உண்மையே. அது வளர்ப்போர்க்குப் பெரும்பேறு. ஆனால் குளத்தில் விட்ட குஞ்சு குளத்தில் வளருமேயன்றி, நன்னீரில் முட்டையிட்டு இனம்பெருக்காது. வழி அடைபட்டால் ஆண்டுதோறும் விலை கொடுத்தே விதை வாங்கவேண்டும். வழி திறந்திருந்தால் கடல் விலையின்றித் தரும்.

மருதமும் நெய்தலும் வேறு வேறு திணைகள் என நூல்கள் வகுத்தன. கொடுவாவுக்கு அவை இரண்டும் ஒரே இல்லத்தின் இரு அறைகள். இடையிலுள்ள வாயிலைக் காப்பதே இந்நாட்டார் கடன்.