ஒய்2கே: ஒரு சொல்லின் கணக்கு

2000 பிறக்கும் முன் நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் எந்நேரமும் புழங்கிய சொல் ஒய்2கே. ஏதோ வைரஸ் என்று பலர் பயந்தார்கள். அது நோயல்ல, சிக்கனம். பழைய கம்ப்யூட்டர் துளை அட்டையில் 80 கட்டங்களே உண்டு. இடத்தை மிச்சம் பிடிக்க 1965-ஐ 65 என்று பதிந்தார்கள். 2000 வந்தால் வெறும் 00. மெஷின் அதை 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டிக் கணக்கு என்னாவது? அதைத் திருத்தும் வேலைக்குத்தான் நம் பிள்ளைகள் பலர் அமெரிக்கா போனார்கள்.

1995 ஜூன் 12 அன்று ஒரு மின்னஞ்சலில் இந்தச் சுருக்கத்தை எழுதியவர் மாசசூசெட்ஸ் புரோகிராமர் டேவிட் எடி. ஒய் என்றால் 'இயர்'. கே என்றால் கிலோ, அதாவது ஆயிரம், மூலம் கிரேக்கம்.

இதில் நமக்குப் புதுசு ஒன்றுமில்லை. தமிழ் எண்ணில் 2000 எழுத ௨ போட்டு, பக்கத்தில் ஆயிரத்துக்கான ௲ போடுவார்கள்: ௨௲. 2கே-யும் அதே முறைதானே!

அந்தக் குறையும் நம்மிடம் உண்டு. பழைய பத்திரத்தில் 'பிரமாதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் 1879-ஆ, 1939-ஆ? 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். சமணர்களாகிய எங்கள் வீர நிர்வாண ஆண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. கி.மு. 527-இல் தொடங்கி நேராக ஓடுகிறது; 2000 ஜனவரியில் அது 2526.

எங்கள் தாத்தா பேரேட்டில் ௲ வரும் இடத்தை என் பேரன் கிறுக்கல் என்றான். கடையில் உட்காரவைத்து ௨௲ எழுதிக் காட்டினேன். "2கே-வா தாத்தா?" என்றான்.